சித்திக்குத் தள்ளிப்போனபோது

"கப்பல் தப்பினாலும் தப்பும், எனக்குத் தப்பாது" என்பாள் அம்மா. போர்ட் பிளேரில் இருப்பவர்களுக்குத்தான் அந்தப் பேச்சின் கனம் தெரியும். சென்னையிலிருந்து செவ்வாய்க்கிழமை வந்துவிடும் என்று சொன்ன கப்பல் வெள்ளிக்கிழமை வரும். சில சமயம் என்ஜின் கோளாறு என்று வராமலே போகும். சொந்தக்காரர்கள் வருவதும் போவதும் கல்யாணத் தேதி குறிப்பதும் எல்லாம் அதை நம்பித்தான். அப்படிப்பட்ட ஊரில், சொன்ன நாளில் வீட்டுக்குத் தூரமாகிறவள் என்று அம்மாவுக்கு அவ்வளவு பெருமை. ஏதோ தானே உட்கார்ந்து டைம்டேபிள் போட்டுக்கொண்டதுபோலப் பேசுவாள்.

சித்தி அப்படி இல்லை. என் சித்தப்பாவின் மனைவி. சிவகங்கைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவள். அவளுக்கு ஒரு மாதம் முன்னால் வரும், ஒரு மாதம் பின்னால் வரும், ஒரு மாதம் எட்டிக்கூடப் பார்க்காது. "இவளோடது நம்ம ஊர்க் கப்பல்" என்று அம்மா கேலி செய்வாள். சித்தியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அப்போது அந்தக் கேலியில் விஷம் எதுவும் இருக்கவில்லை.

பத்து வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். விளக்கு ஒன்று இருந்ததே, அதனால் தெரியும். டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் நாங்கள் இருந்தது இரண்டு அறையும் ஒரு அடுக்களையும் கொண்ட வாடகை வீடு. தூரமானவளைத் தனியாக உட்காரவைக்க அதில் இடம் ஏது? ஊரில் செய்ததையெல்லாம் செய்ய முடியாது, ஒன்றுமே செய்யாமல் விடவும் மனசு வராது. ஆகவே அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள். தூரமானவள் சமைக்கலாம், குழாயில் தண்ணீர் வரும் நாளில் டிரம்மை நிரப்பலாம், யாரையும் தொடலாம். சாமி விளக்கை மட்டும் ஏற்றக் கூடாது.

சாயங்காலம் அம்மாவும் சித்தியும் முறை வைத்து விளக்கேற்றுவார்கள். ஒருத்தி தூரமானால் மற்றவள் ஏற்றுவாள். இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்துவிட்டால் தீப்பெட்டி என் கைக்கு வரும். அந்த நாட்களுக்காக நான் காத்துக்கிடப்பேன். யார் ஏற்றுகிறார்கள் என்று பார்த்தாலே போதும், எனக்கும் அப்பாவுக்கும் ஜன்னல் வழியாக எட்டிப்பார்க்கும் பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டிக்கும் எல்லாம் வெட்டவெளிச்சம். எங்கள் வீட்டுப் பெண்களின் உடம்பு அந்தச் சின்னப் பித்தளை விளக்கில் எரிந்துகொண்டிருந்தது.

சித்தப்பா, வடக்கே பஸ்ஸில் பாதி நாள் தூரத்தில் இருக்கிற ரங்கத் பக்கத்தில் ரோடு வேலைக்கு சூப்பர்வைசர். மாதத்துக்கு இரண்டு தடவை பஸ் பிடித்து வந்து போவார். மற்ற நேரமெல்லாம் சித்திக்குத் துணை நான்தான். எனக்கு அவளிடம் பிடித்ததே அவளுடைய இந்திதான். பால்காரரிடம் "பையா, தூத் வந்தாச்சா ஹை?" என்று கேட்பாள். அவரும் சிரிக்காமல் "ஆச்சு ஹை" என்பார். இந்தி தெரியாமல் இந்தத் தீவில் ஒரு கொத்தமல்லிக்கட்டு வாங்க முடியாது. நான் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் அதிலேயே புரண்டவள். மத்தியானத்தில் அவளை உட்காரவைத்துப் பாடம் நடத்துவேன். தப்பாகச் சொன்னால் ஸ்கேலால் தரையில் தட்டுவேன். சித்தி என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். பாடம் மட்டும் ஏறவே ஏறாது.

கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்குச் சித்தி பால்குடமும் சித்தப்பா காவடியும் எடுப்பதாக நேர்ந்துகொண்டார்கள். யோசனை அம்மாவுடையது. மாலை போட்டவர்கள் ஒன்றாக இருக்கக் கூடாது என்று சித்தப்பா ஒரு மண்டலம் முழுக்க ரங்கத்திலேயே தங்கிவிட்டார். பிள்ளை வரம் கேட்டு எடுத்த விரதத்தில் பிள்ளைக்கான வழியையே அடைத்து வைத்திருக்கிறோமே என்று அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சித்தி ஒருவேளைச் சாப்பாட்டில் இருந்தாள். அதையும் பாதி என் தட்டில் தள்ளிவிடுவாள். ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது, வளையல் முழங்கைவரை ஏறியது. விரதம் என்றால் அப்படித்தான் என்று அம்மா மெச்சிக்கொண்டாள்.

திருவிழா சரியாக அம்மாவுடைய தேதியில் வந்து நின்றது. சித்திக்குத் தேதி என்பதே கிடையாது, என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம் என்ற பயம். இரண்டு பேரும் மெடிக்கல் ஷாப்பில் தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். திருவிழா, கல்யாணம், மெயின்லேண்டுக்குப் பயணம் என்று எது வந்தாலும் எங்கள் தெருப் பெண்கள் அதை வாங்குவார்கள், ஜலதோஷத்துக்கு மாத்திரை வாங்குவதுபோல. டாக்டரைக் கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

திருவிழா நன்றாகவே நடந்தது. தார் ரோட்டு வெயிலில் சித்தி பால்குடத்தோடு இரண்டு இடத்தில் தள்ளாடினாள். அருள் வந்துவிட்டது என்று கூட்டம் கும்பிட்டது. பசி என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. வீட்டில் சிப்பிகாட்டிலிருந்து வந்த விருந்தாளிகள் கால்வைக்க இடமில்லாமல் படுத்திருந்தார்கள். சித்தப்பா காவடியை இறக்கிவிட்டு, கோவில் மண்டபத்திலேயே ஆண்களோடு படுத்து எழுந்து, விடியற்காலை பஸ்ஸுக்குப் போய்விட்டார். மழைக்காலத்துக்கு முன்னால் ரோட்டை முடித்தாக வேண்டும் என்று அவருக்கு அவசரம். சித்தியிடம் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசினார், அவ்வளவுதான்.

இரண்டு பெண்களும் ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் அம்மா தீப்பெட்டியைச் சித்தியிடம் கொடுத்து, "எனக்குக் கப்பல் வந்துருச்சு" என்றாள். சித்தி அன்று ஏற்றினாள், மறுநாளும் ஏற்றினாள். அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் முறைக்கு வந்த பிறகும் சித்திக்கு வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. இரண்டு பேரும் ஒன்றாகத் தூரமாவார்கள், எனக்குத் தீப்பெட்டி வரும் என்று இருந்தேன். வரவில்லை.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சித்தியிடமிருந்து தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கினாள். மாங்காய் வாங்கிவந்து கீற்றுப்போட்டு உப்புத் தடவி வைத்தாள். தெலுங்கு ஆன்ட்டியைக் கூப்பிட்டு, "எங்க வீட்டுல முழுகாம இருக்கா" என்று காதோடு காதாகச் சொன்னாள். அந்தக் காதோடு காது தெருக்கோடிவரை கேட்டது. சித்திதான் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, எனக்கு எப்பவும் தள்ளிப்போறதுதானேக்கா. சும்மா தள்ளியிருக்கும்."

"சும்மா எப்படித் தள்ளும்? மாத்திரைய நிறுத்துனா மூணாம் நாள் வந்துதானே ஆகணும். எனக்கு வந்துச்சா இல்லையா?"

அம்மாவுக்குத் தெரிந்த உடம்பு ஒன்றே ஒன்று, அது அவளுடையது. அதை வைத்துத்தான் அவள் ஊரில் உள்ள எல்லா உடம்புகளையும் அளந்தாள்.

நடக்கவே நடக்காது என்று சித்திக்குத் தெரியும், அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் ஒரு சாயங்காலம் விளக்கை ஏற்றிவிட்டு, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, முருகன் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தெரிந்தவளுக்கும் ஆசை வந்துவிட்டது.

அம்மா அத்தோடு விடவில்லை. ரங்கத்துக்குப் போன் போட்டாள். சிக்னல் கிடைப்பதற்காக வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய், ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு, "தம்பி, வரும்போது ஸ்வீட் வாங்கிட்டு வாங்க. உங்க பொண்டாட்டிக்கு நாள் தள்ளிப்போயிருக்கு" என்று கத்தினாள்.

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. சிக்னல் போய்விட்டதாக நினைத்து அம்மா மறுபடி கத்தினாள்.

"கேட்டுச்சு அண்ணி" என்றார் சித்தப்பா. அப்புறம் மெதுவாக, "எப்படி அண்ணி? நான்தான் மாலை போட்டிருந்தேனே" என்றார்.

அம்மா போனை அணைத்துவிட்டு, தொட்டி மதிலில் சாய்ந்துகொண்டு விரல்விட்டு எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். மாலை போட்ட பிறகு சித்தி ஒரு தடவை தூரமாகியிருந்தாள், அந்த நாட்களில் விளக்கேற்றியவளே அம்மாதான். அன்று சாயங்காலம் சித்தி தீப்பெட்டியை எடுத்தபோது, "குடு, நான் ஏத்துறேன்" என்று வாங்கிக்கொண்டாள். அன்று சித்தியின் முறை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சித்திக்கு முறை என்று ஒன்று வரவே இல்லை. அடுக்களையில் மாங்காய்க் கீற்று காய்ந்து சுருங்கிக் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

அப்பா ஆபீஸிலிருந்து வந்தால் டிவியைப் போட்டுக்கொண்டு அதற்குள் போய்விடுவார். அம்மா கண்கொத்திப் பாம்பாகச் சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால்காரர் வந்தால் அம்மாவே ஓடிப்போய்ப் பால் வாங்கினாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையனை வாசலிலேயே நிறுத்தினாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சித்திக்குப் புரிந்தது.

ஒருநாள் சித்தி என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், அபர்தீன் பஜார்வரைக்கும் போயிட்டு வரலாமா? எனக்கு இந்தி பேச ஆள் வேணும்" என்றாள். துணி எடுக்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். போனது துணிக்கடைக்கு இல்லை, ஒரு கிளினிக்குக்கு. அங்கே இருந்த டாக்டரம்மா மெயின்லேண்டில் எங்கோ வடக்கிலிருந்து வந்தவர். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. சித்தி சொல்லச் சொல்ல நான் இந்தியில் சொன்னேன். எனக்கு அப்போது இருந்த பெருமிதத்தைச் சொல்லி மாளாது. கோர்ட்டில் வாதாடுகிற வக்கீல்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். விரதம் என்றேன், ஒருவேளைச் சாப்பாடு என்றேன், தள்ளிப்போடுகிற மாத்திரை என்றேன், அவளுக்கு எப்போதும் முன்னே பின்னே வரும் என்பதையும் சொன்னேன்.

சித்தியை நர்ஸ் உள்ளே அழைத்துப்போய் டெஸ்ட் எடுத்தார். என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டபோது, கர்ப்பம் இல்லை, ஒரு கோடுதான் விழுந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். அப்புறம் ஒரு காகிதத்தைத் திருப்பிப்போட்டு, ஒரு வட்டம் வரைந்து, எங்கள் பள்ளிக்கூட டீச்சரைவிடப் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு மாதமும் முதலில் உள்ளே ஒரு முட்டை பழுக்கும். அது வெளியே வந்தால், அதிலிருந்து சுமார் இரண்டு வாரத்தில் தீட்டு வரும். பின்பாதி பெரும்பாலும் மாறாது, முன்பாதிதான் நீளும், குறுகும். பட்டினி கிடந்தாலோ உடம்பு இளைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ மனசு பயந்தாலோ அந்த முட்டை காத்திருக்கும். அது காத்திருந்தால் தீட்டும் காத்திருக்கும். சில மாதம் முட்டை வராமலே போகும். தள்ளிப்போடுகிற மாத்திரையும் சேர்ந்து கணக்கைக் குழப்பியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

"டர்னே கி பாத் நஹி" என்றார். பயப்பட ஒன்றுமில்லை. அப்புறம் சித்தியைப் பார்த்தே சொன்னார்: "பீரியட் லேட் நஹி ஹுவா. அண்டா லேட் ஹுவா." தீட்டு தாமதமாகவில்லை, முட்டைதான் தாமதம். அண்டா என்றால் முட்டை என்று சித்திக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினம் கடையில் முட்டை வாங்குகிறவள், அந்த ஒரு சொல்லாவது அவளுக்கு வரும்.

சில நாளைக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டு நிறுத்தினால் வந்துவிடும் என்றும், இனிமேல் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்றும், இப்படியே முன்பின்னாக இருந்தால் புருஷனோடு வந்து பார்க்க வேண்டும், அதற்கும் வைத்தியம் உண்டு, பிள்ளை பிறக்கும் என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்னதை நான் தமிழில் சொன்னபோது சித்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் எனக்குச் சமோசா வாங்கித் தந்தாள். தானும் ஒன்று தின்றாள். "பாத்தியா டீச்சர், சும்மாதான்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

வீட்டில் அவள் எதுவும் சொல்லவில்லை. வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம், வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். மாத்திரையை என் புத்தகப் பையில் ஒளித்துவைத்து, வேளைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னபடியே வந்தது. இத்தனை நாள் தேங்கியது என்பதால் கொட்டோகொட்டென்று கொட்டியது. அந்த வலியிலும் அவள் முகம் தெளிந்திருந்தது. அம்மாவிடம் போய், "அக்கா, எனக்கு வந்துருச்சு" என்றாள். நல்ல சேதி சொல்கிறவளின் குரலில் சொன்னாள்.

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மறுநாள் காலையில் பாத்ரூம் பக்கெட்டில் நிறைந்து கிடந்த ரத்தத் துணியைப் பார்த்தாள். மத்தியானம் என் பையில் டிபன் பாக்ஸை எடுக்கக் கையைவிட்டபோது வெறும் மாத்திரை அட்டை அகப்பட்டது.

சித்தப்பா வரும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. அவர் வந்ததும் எல்லோரையும் முன்னறையில் உட்காரவைத்தாள். அட்டையை டிவி ஸ்டாண்டின்மேல் வைத்தாள்.

"சொல்லாம டாக்டர்ட்ட போயிருக்கா. மாத்திரை போட்டிருக்கா. போட்டதும் கொட்டிருச்சு. இதுக்கு என்ன பேருன்னு நீங்களே சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லவே இல்லக்கா, டாக்டரம்மாவே சொன்னாங்க. பாப்பாவக் கேளுங்க, அவதான கூட இருந்தா" என்றாள் சித்தி.

என்னை நடுவில் நிறுத்தினார்கள். நான் பரீட்சையில் ஒப்பிப்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். உள்ளே ஒரு முட்டை உண்டு, சித்தி பட்டினி கிடந்ததால் அது லேட்டாகிவிட்டது, அதனால்தான் எல்லாம் லேட்டு என்று சொன்னேன். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"முட்டை போட இவ என்ன கோழியா?" என்றாள் அம்மா. "டெஸ்ட் எடுத்தாங்களே, அத நீ பாத்தியா?"

"இல்லம்மா. நான் வெளிய இருந்தேன்."

"மாத்திரை போட்டா வந்துரும்னு டாக்டர் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உண்மை முழுவதும் அன்று அந்த அறையில் என் வாயிலிருந்து வந்து விழுந்து கிடந்தது, குனிந்து எடுக்க ஆளில்லை. சித்தப்பாவுக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு. ரங்கத்தில் நாளெல்லாம் அதில்தான் வேலை வாங்குகிறார். மறுநாள் அந்த கிளினிக்குக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதை இன்னொருவரிடம் கேட்பதே கேவலம் என்று நினைத்தார். தலையைக் குனிந்துகொண்டு, "அவங்க அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்சநாள் இருக்கட்டும் அண்ணே" என்று அப்பாவிடம் சொன்னார்.

அம்மா கெட்டவள் இல்லை. அதுதான் எனக்கு ஆறாத விஷயம். கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். சித்தி கிளம்பும் நாளில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். கப்பலில் வாந்தி வராமல் முகர்ந்துகொள்ள எலுமிச்சம்பழம் வைத்தாள். அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், நான் பார்த்தேன். தன் உடம்பில் நடக்காதது இன்னொருத்தி உடம்பில் நடக்கும் என்று மட்டும் அவளால் நம்ப முடியவில்லை.

சித்தி திரும்பி வரவில்லை. சித்தப்பாவுக்கு மறுபடி கல்யாணம் நடந்தது. சித்தி திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனியில் இருப்பதாக யாரோ சொன்னார்கள், பிறகு அந்தச் சேதியும் நின்றுபோய்விட்டது. எனக்கு நாள் கணக்கு புரியத் தொடங்கியபோது, பள்ளிக்கூடத்துப் பாடத்தில் அதே வட்டத்தைப் பார்த்தேன். டாக்டரம்மா வரைந்த அதே வட்டம். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். இனி அதை யாரிடம் போய்ச் சொல்வது?

போன வருஷம் அம்மாவுக்கே தள்ளிப்போகத் தொடங்கியது. ஐம்பதை நெருங்குகிறாள், இயல்புதான். ஒரு மாதம் வருகிறது, மூன்று மாதம் காணோம். வீட்டில் யாரும் விரல்விட்டு எண்ணவில்லை, அப்பா டிவியை நிறுத்தவில்லை. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே, "சும்மாதான் தள்ளிப்போயிருக்கும், இல்ல?" என்று என்னிடம் கேட்டாள். சித்தியின் அதே சொல். அவளுக்கு அது ஞாபகம் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. "ஆமாம்மா, சும்மாதான்" என்றேன். அதற்குமேல் பேசினால் என்னென்ன வந்துவிடும் என்று பயந்து எழுந்து போய்விட்டேன்.

ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது இது எதுவும் இல்லை. சித்தியை ஹாடோ ஜெட்டியில் கப்பலேற்றிவிடப் போன காலைதான். அப்பாவும் சித்தப்பாவும் நானும் போயிருந்தோம். சிவகங்கைக்குப் போகிற தெரிந்த குடும்பம் ஒன்றிடம் சித்தியை ஒப்படைத்திருந்தார்கள். சித்தப்பா பெட்டியோடு செக்கிங் வரிசையில் நின்றார். சித்தி என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஓரமாக ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், அன்னைக்கு டாக்டரம்மா என்ன சொன்னாங்க? இன்னொரு தடவ சொல்லு."

"முட்டை லேட்டாயிருச்சு..."

"தமிழ்ல வேணாம். அவங்க சொன்ன மாதிரியே சொல்லு. தமிழ்ல சொன்னா நானா கட்டிச் சொல்ற மாதிரி இருக்கு."

சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். "பீரியட் லேட் நை ஊவா." நை இல்லை சித்தி, நஹி, ஊவா இல்லை, ஹுவா என்று திருத்தினேன். மறுபடி சொன்னாள். அண்டாவில் மட்டும் தடுமாறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, சாமிக்கு மந்திரம் சொல்வதுபோலச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஸ்கேல் இல்லையென்று நான் கையாலேயே பெஞ்சைத் தட்டினேன். வரிசை நகர்ந்து சித்தப்பா கையசைத்துக் கூப்பிடும் நேரத்தில் தப்பில்லாமல் சொல்லிவிட்டாள்.

"ஷாபாஷ்" என்றேன், எங்கள் டீச்சர் சொல்வதுபோலவே. அடுத்த கப்பலில் வந்துவிடு, அடுத்த பாடம் எடுக்கலாம் என்றேன். ஒருவழியாகச் சித்திக்கு இந்தி படிக்க ஆசை வந்துவிட்டதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவிடம் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். தனக்காகப் பேச அந்த ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அது ஒருவருக்கும் புரியாத ஊருக்கு அவள் போய்க்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.